மேட்டுக்குக் கீழே நிற்காதவர்

மலேசியாவில் காஹாங் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் டிராக்டர் ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் சிவகணேசனைத் தெரியும் என்பார்கள். பிடிக்குமா என்று கேட்டால் தேநீர் ஆறுகிறது என்று பேச்சை மாற்றுவார்கள். தோட்ட வாகனங்களை ஆபத்தில்லாமல் ஓட்டுவது எப்படி என்று கற்றுக்கொடுப்பது அவருடைய உத்தியோகம். ஒரு நிறுவனத்தின் ஒன்பது தோட்டங்களுக்கும் அவர் ஒருவரே பயிற்றுநர். இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளியர், மிச்சமிருக்கும் சில தமிழர் என்று நாற்பது ஐம்பது பேரை ஒரு மண்டபத்தில் உட்காரவைத்து, வேகத்தைக் குறை, பெல்ட்டைப் போடு, சாவியை வண்டியில் விட்டுவிட்டுப் போகாதே என்று மலாய்மொழியில் சொல்லிக்கொண்டிருப்பார். குளுவாங்கில் தன் வீட்டிலிருந்து முனைக்கடைக்கு ரொட்டி சானாய் வாங்கப் போகும்போது மட்டும் ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொள்வாரே தவிர வாரை மாட்டமாட்டார். இரண்டும் ஒரே மனிதர்தான். வயது நாற்பத்தொன்று.

அவருடைய அலுவலக அறைச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட கடிதம் ஒன்று தொங்குகிறது. நியூசிலாந்தின் தென்தீவில் உள்ள ஒரு பனிச்சறுக்கு மையம் கொடுத்தது. 'ஸ்னோமொபைலை மிகுந்த கவனத்துடன் இயக்கியவர்' என்று அதில் எழுதியிருக்கிறது. முப்பத்துமூன்று டிகிரி வெயிலில் குலை ஏற்றும் டிராக்டர்களுக்குப் புத்தி சொல்ல ஒருவரை நியமிக்கும்போது, பனியில் வண்டி ஓட்டியவர் என்ற தகுதியை நிறுவனம் ஏன் பெரிதாக எடுத்துக்கொண்டது என்பது நிறுவனத்துக்கே வெளிச்சம். வெளிநாட்டுக் கடிதம், வெளிநாட்டுக் கையெழுத்து. அது போதுமானதாக இருந்தது.

அவர் அப்பா தம்பிராஜா தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகம் பார்க்க வந்த குடும்பம். அந்தக் குடும்பங்களில் பிள்ளைகள் டாக்டராவார்கள், இல்லையென்றால் எஞ்சினியராவார்கள், அதுவும் இல்லையென்றால் அவர்களைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். சிவகணேசன் மூன்றாவது வகை. டிப்ளோமா முடித்துத் தோட்டத்துப் பட்டறையில் மெக்கானிக்காகச் சேர்ந்தார். இருபத்தொன்பது வயதில், வேலை செய்தபடி ஊர் சுற்றிப் பார்க்க இளைஞர்களுக்குத் தரும் ஆறு மாத விசாவில் நியூசிலாந்து போனார். முப்பது தாண்டினால் அந்த விசா கிடைக்காது.

"பனியில போயி மோட்டோ ரிப்பேர் பண்றதுக்கா உன்னைப் படிக்க வச்சேன்?" என்று கேட்ட தம்பிராஜா, கோயிலில் பார்ப்பவர்களிடமெல்லாம் மகன் நியூசிலாந்தில் எஞ்சினியர் என்று சொன்னார். இரண்டையும் மனதாரச் சொன்னார்.

அந்த மையத்தில் அவருக்குப் பட்டறை வேலைதான். ஸ்னோமொபைல் என்பது முன்னால் சறுக்குப் பலகையும் பின்னால் சங்கிலிப் பட்டையும் உள்ள ஒருவகை மோட்டார் சைக்கிள். மலைச்சரிவில் யாராவது விழுந்து கையைக் காலை உடைத்துக்கொண்டால், மருந்துப்பையோடு ஓடிப்போய் அவர்களைத் தூக்கி வருவதற்கென்று ரோந்துப் படை ஒன்று இருக்கும். அவர்களுக்கான வண்டி அது. ரோந்துத் தலைவர் கிரெய்க், மெக்கானிக் நன்றாக ஓட்டுகிறான் என்று கண்டு, அவசரத்துக்குப் பொருள் ஏற்றிச் செல்ல அவரையும் பழக்கினார்.

பழக்கினார் என்றால் ஒருவாரம் விதிகளை ஒப்பிக்கவைத்தார். பகலிலும் முன்விளக்கு எரியவேண்டும். வண்டியின் பின்னால் ஆளைவிட உயரமான கம்பியில் ஆரஞ்சுக் கொடி ஆடவேண்டும். கூட்டமில்லாத வேளையாகப் பார்த்து, சரிவின் ஓரமாகவே போகவேண்டும். கிளம்புமுன் ரேடியோவில் சொல்லவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. மேலே ஏறும்போது, மறுபக்கம் தெரியாத மேடு வந்தால், மேட்டுக்குக் கீழேயே நிற்கவேண்டும். மேலே ஒருவர் வந்து, சறுக்கி வருபவர்களை நிறுத்திவிட்டு, வரலாம் என்று சொன்ன பிறகுதான் நகரவேண்டும். ஏனென்றால் மேலிருந்து வருபவருக்கு வண்டி தெரியாது, கீழிருந்து போகிறவருக்கு ஆள் தெரியாது.

சிவகணேசனுக்கு இது புதிதாகப் படவில்லை. மறுபக்கம் தெரியாத வழியில்தான் அவர் வளர்ந்தார். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலை வளைவுகளில், முடுக்குக்கு முடுக்கு மட்டைகள் தொங்கிக் கண்ணை மறைக்கும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. முடுக்குக்கு முன்னால் ஹாரனை நீளமாக ஒருதரம் அழுத்தவேண்டும். எதிரே லோரி வந்தால் அதுவும் ஹாரன் அடிக்கும். சைக்கிள் என்றால் மணி. நடந்து வருகிறவர்கூட 'ஓய்' என்று குரல் கொடுப்பார். பதில் வந்தால் நிற்கவேண்டும். பதில் வராவிட்டால் பாதை காலி. எந்தப் புத்தகத்திலும் இல்லாத இந்தச் சட்டத்தை அவர் வளர்ந்த தோட்டத்தில் யாரும் மீறிப் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் மாதம் ஒருநாள் காலை பதினொன்றரை மணிக்கு, மலைமேல் ஒரு முதியவருக்குத் தோள்பட்டை விலகி, வலியில் மூச்சுத் திணறியது. ஆக்சிஜன் சிலிண்டர் வேண்டும் என்று ரேடியோவில் அழைப்பு வந்தது. கீழே சும்மா இருந்தவர் சிவகணேசன் மட்டுமே. விளக்கைப் போட்டார், கொடி ஆடியது, ஓரமாகவே ஏறினார். பாதி வழியில் மேடு. ரேடியோவில் முதியவரைப் பற்றியே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நடுவே புகுந்து, மேட்டுக்கு ஆள் அனுப்புங்கள் என்று கேட்டால் இரண்டு நிமிடம் போய்விடும். அவர் வேகத்தைக் குறைத்தார். ஹாரனை நீளமாக ஒருதரம் அழுத்தினார். காதைக் கொடுத்துக் கேட்டார். பதில் வரவில்லை. ஏறினார்.

சறுக்கி வருகிறவர்களிடம் ஹாரன் இருக்காது என்பது அவருக்கு அந்தக் கணத்தில் தோன்றவே இல்லை. இருபத்தொன்பது வருடப் பழக்கம் ஒருவாரப் பாடத்தைவிடப் பெரியது.

நின்றாரா என்றால் நிற்கவில்லை. குறைத்தார். குறைப்பதற்கும் நிற்பதற்கும் இடையே இருந்த தூரத்தில்தான், மேலிருந்து சறுக்கி வந்து மோதிய கிளேர் என்ற பெண்ணின் இடது முழங்கால் போனது. அவளுக்கு இருபத்துமூன்று வயது. அதே மையத்தில் பனிச்சறுக்குக் கற்றுக்கொடுப்பவள். அன்று வகுப்பில்லாமல் தனியாகச் சறுக்கிக்கொண்டிருந்தாள்.

மாலையில் கிரெய்க் பட்டறைக்கு வந்தார். சிவகணேசனுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு, "மேட்டுக்கு முன்னால் நின்றாய் அல்லவா?" என்று கேட்டார்.

"ஹாரன் அடித்தேன். காது கொடுத்துக் கேட்டேன். பிறகுதான் போனேன்" என்றார் சிவகணேசன்.

கிரெய்க் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் எழுதும் அறிக்கைகளில் வரும் கோளாறு அதிலும் வந்தது. 'வண்டி நின்றது. ஒலி எழுப்பப்பட்டது. ஓட்டுநர் கவனித்துக் கேட்டார். பின்னர் நகர்ந்தார்.' நான்கு காரியம், மூன்று உண்மை. எழுபத்தைந்து விழுக்காட்டை நல்ல மதிப்பெண் என்று சிவகணேசனின் குடும்பத்தில் யாரும் ஒப்புக்கொண்டதே இல்லை. அன்று மட்டும் அது போதும் என்று பட்டது. கையெழுத்துப் போட்டார். வண்டி நின்றதென்றால் குற்றம் வேறெங்கோ இருக்கவேண்டும் அல்லவா? மெதுவாக வரவேண்டிய ஓரத்தில் கிளேர் வேகமாக வந்தாள் என்று அறிக்கை முடிந்தது.

கிளேர் இருந்த ஆஸ்பத்திரி ஒருமணி நேரப் பயணம். அவர் போகவில்லை. பட்டறையில் வேலை இருந்தது. பட்டறையில் எப்போதும் வேலை இருக்கும். ஆறு வாரத்தில் விசா முடிந்தது. கிரெய்க் கடிதம் கொடுத்து, கையைக் குலுக்கி அனுப்பிவைத்தார்.

திரும்பி வந்த பிறகு அவர் பாதுகாப்பு அதிகாரியானதை விதியின் விளையாட்டு என்று சொல்லத் தோன்றும். உண்மையில் அவர் அந்த வேலைக்குத்தான் விண்ணப்பித்தார். மேட்டைப் பற்றி யாரிடமாவது சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும்போல இருந்திருக்கலாம். எல்லா வகுப்பிலும் அந்த விபத்தைச் சொன்னார். கண் தெரியாத இடத்தில் காதை நம்பாதே, ஹாரன் கண் ஆகாது, இறங்கிப் போய்ப் பார் என்றார். கதை உருக்கமாக இருக்கும், மண்டபம் அமைதியாகும். வண்டி ஓட்டியவர் மட்டும் கதையில் ஒரு வெள்ளைக்காரர்.

கல்யாணமான புதிதில் ஷாந்தினியிடமும் அப்படித்தான் சொன்னார். ஷாந்தினி ஆஸ்பத்திரியில் மருந்தாளர். அளவைச் சரியாகப் பார்ப்பது அவளுக்குத் தொழில்.

இந்த வருடம் ஏப்ரலில், பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, கிளேர் அவருடைய ஃபேஸ்புக் பக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்து எழுதினாள். கோபமான கடிதமில்லை. முழங்கால் ஓரளவு சரியாகி, முதலுதவியும் பனிச்சரிவு மீட்பும் படித்துத் தேறியிருக்கிறாள். அதே மையத்தில் ரோந்துப் படையில் சேர விண்ணப்பித்திருக்கிறாள். பழைய அறிக்கை குறுக்கே நிற்கிறது. கவனமில்லாமல் சறுக்கி ரோந்து வண்டியில் மோதியவரை ரோந்துக்கு எப்படி எடுப்பது என்று கேட்கிறார்கள். ஓட்டுநரே தன் வாக்குமூலத்தைத் திருத்தினால் பதிவை மாற்றுவார்களாம். மே முப்பத்தொன்றுக்குள் வேண்டும். 'உங்கள் ஹாரன் எனக்குக் கேட்டது. வழிவிடத்தான் ஓரத்துக்கு வந்தேன். நீங்கள் நின்றீர்களா? எனக்கு அது மட்டும் தெரியவேண்டும்' என்று முடித்திருந்தாள்.

அவர் கைப்பேசியை ஷாந்தினியிடம் நீட்டினார். அவள் இரண்டுமுறை படித்தாள்.

"அந்த வெள்ளக்காரன் நீங்கதானா?"

"ஆமா."

"அலமாக். ஒம்பது வருஷமா அந்த ஆளத் திட்டிக்கிட்டு இருக்கேன் லா நான்."

"தெரியும்."

"பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தீங்க."

"சரியாத்தானே திட்டுன."

அவள் சிரிக்கவில்லை. "ஒரு வரி எழுதுங்க. நிக்கலன்னு. அதுதானே அவங்க கேக்குறாங்க?"

"மொட்டையா அப்படி எழுத முடியுமா? ஏன் நிக்கலன்னு சொல்லவேணாமா?"

"ஏன்னு அவங்க கேக்கலையே."

ஆனால் ஏன் என்பதுதான் சிவகணேசனுக்கு முக்கியமாக இருந்தது. எழுத உட்கார்ந்தார். முதல் வாரம் இரண்டு பக்கம் வந்தது. தோட்டத்துச் சாலைகளின் அமைப்பு, ஹாரன் வழக்கத்தின் நியாயம், லோரிக்கும் சைக்கிளுக்கும் உள்ள முறை. இரண்டாவது வாரம் ஒரு முடுக்கின் படத்தைக் கைப்பேசியில் எடுத்து இணைத்தார். மூன்றாவது வாரம் வரைபடம் போட்டார். 'நான் நிற்கவில்லை' என்பது நான்காம் பக்கத்தில், கீழ்ப்பாதியில் வந்தது. தினமும் அதற்கு முன்னால் ஒரு பத்தியைச் சேர்த்தார்.

இன்னொரு காரணமும் இருந்தது. லாபிஸ் பக்கத்துத் தோட்டங்களையும் சேர்த்துப் பதினாறு தோட்டங்களுக்கு அவரைத் தலைமைப் பயிற்றுநராக்கலாம் என்று ஜொகூர் பாரு தலைமையகத்தில் பேச்சு. கண்ணாடிச் சட்டக் கடிதத்தைப் பார்த்துத்தான் பேச்சே தொடங்கியது. கிளேருக்கு எழுதுவது ஜொகூர் பாருவுக்கு எட்ட வழியே இல்லை. பனிமலையில் இருக்கும் ஒரு அலுவலகக் கோப்பில் ஒரு வரி மாறும், அவ்வளவுதான். இது அவருக்கும் தெரியும். தெரிந்தும் பயந்தார். பயப்படுவதற்குக் காரணம் இருக்கவேண்டும் என்று கட்டாயமா என்ன?

மே இரண்டாம் வாரம், காஹாங்கைத் தாண்டி உள்ளே ஒரு தோட்டத்தில் வகுப்பு. விபத்துக் கதை வந்தது. அன்று வழக்கமான இடத்தில் நிறுத்தி, "வண்டிய ஓட்டுன ஆளு வெள்ளக்காரன் இல்ல. நான்தான்" என்றார். முதலில் மலாயில், பிறகு தமிழர்களைப் பார்த்துத் தமிழில்.

பின்வரிசையில் இருந்த டிராக்டர் ஓட்டுநர் மூர்த்தி முதலில் வாயைத் திறந்தான். "சார், இன்னிக்கு நடிப்பு வேற லெவல் லா."

சிரிப்பு பரவியது. தோட்டத்து மேற்பார்வையாளர் மணியம் வகுப்பு முடிந்ததும் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"போன வருஷம் வெள்ளக்காரன்னு சொன்னீங்க சார். இது அதைவிட நல்லா இருக்கு. நாமளே செஞ்ச மாதிரி சொன்னாதான் மனசுல ஒட்டுது."

"நெசமாத்தான் சொன்னேன் மணியம்."

"அதான் சார். இப்படியேதான் சொல்லணும். மூஞ்சிய இப்படியே வச்சுக்குங்க."

"என் கையெழுத்து இருக்கு மணியம், ரிப்போர்ட்ல."

"அடுத்த வாட்டி அந்த ரிப்போர்ட்டையும் காட்டுங்க சார். இன்னும் நம்புவாங்க."

வீட்டுக்கு வரும் வழியில் அவருக்கு மனம் லேசாக இருந்தது. பன்னிரண்டு வருடமாகச் சொல்லாததை நாற்பது பேர் முன்னால் சொல்லியாயிற்று. அவர்கள் நம்பவில்லை என்பது அவர் குற்றமா? அடுத்த வாரம் இன்னொரு தோட்டத்திலும் அப்படியே சொன்னார். அதற்கடுத்த வாரம் மூன்றாவது தோட்டத்தில். ஒவ்வொரு முறையும் சொல்வது எளிதானது. மதிப்பீட்டுத் தாளில் அவருக்குப் புள்ளிகள் கூடின. நான்கு பக்கக் கடிதம் கணினியில் அப்படியே கிடந்தது. செய்து முடித்த காரியத்தை மறுபடி எதற்குச் செய்வது என்பதுபோல ஒரு நிம்மதி. மே முடிந்தது.

ஜூன் ஆறாம் தேதி காலை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஷாந்தினி கேட்டாள்.

"கிளேருக்கு அனுப்பிட்டீங்கதானே?"

"வகுப்புல சொல்லிட்டேன். மூணு தோட்டத்துல."

ஷாந்தினி காலணியை மாட்டுவதை நிறுத்தினாள். "கிளேர் காஹாங்லயா வேலை பாக்குறாங்க?"

"இல்ல, நான் என்ன சொல்ல வரேன்னா..."

"தேதி என்ன இன்னிக்கு?"

அவர் நாட்காட்டியைப் பார்க்கவில்லை. அவள் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். அவர் உட்கார்ந்து நான்கு பக்கத்தையும் அழித்தார். பிறகு எழுதினார்: 'நான் நிற்கவில்லை. வேகத்தைக் குறைத்தேன், ஹாரன் அடித்தேன், பதில் ஹாரன் வராததால் யாரும் இல்லை என்று எண்ணி ஏறினேன். எங்கள் ஊர்ப் பழக்கம் அது. தவறு முழுவதும் என்னுடையது. இதை அன்றே சொல்லியிருக்கவேண்டும். இந்தக் கடிதத்தையும் போன மாதமே அனுப்பியிருக்கவேண்டும்.' மையத்துக்கு ஒரு பிரதி, கிளேருக்கு ஒரு பிரதி. எழுத எட்டு நிமிடம் ஆனது.

மையம் நான்கு நாளில் பதிவைத் திருத்தியது. அவர்கள் வேலையை அவர்கள் வேகமாகவே செய்கிறார்கள். கிளேரின் பதில் அதற்கு மறுநாள் வந்தது. ஷாந்தினியும் பக்கத்தில் இருந்தாள்.

ரோந்துப் படைக்கு ஆள் எடுத்தது ஜூன் இரண்டாம் தேதி. இந்த சீசன் முழுவதும் கிளேர் டிக்கெட் கவுன்டரில் உட்காரப்போகிறாள். அடுத்த வருடம் விண்ணப்பிக்கப்போவதில்லை. ஆளைத் தூக்கிக்கொண்டு சறுக்கும் வேலையை இந்த முழங்கால் இன்னும் ஓரிரு வருடம்தான் தாங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதற்குள் புதிதாக ஒருவரைப் பழக்கி யார் நேரத்தை வீணாக்குவார்கள் என்று அவளே எழுதியிருந்தாள். திருத்திய அறிக்கையை அம்மாவிடம் காட்டினாளாம். பழையதை நான் நம்பினால்தானே என்றாராம் அம்மா. நன்றி என்று எழுதியிருந்தாள். உண்மையாகவே நன்றி சொல்வதுபோல இருந்தது, அதுதான் சிவகணேசனால் தாங்க முடியவில்லை. கடைசியில் ஒரு பத்தி இருந்தது.

அவர் அதைப் படித்துவிட்டுக் கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"என்ன சொல்றாங்க?" என்றாள் ஷாந்தினி.

"கத்துனாங்களாம்."

"யாரு?"

"கிளேர். ஹாரன் கேட்டதும், வரேன்னு சத்தமா கத்துனாங்களாம். ரெண்டு வாட்டி. அது உங்களுக்குக் கேக்கலையான்னு கேக்குறாங்க."

சிவகணேசன் கைப்பேசியைத் திருப்பி எடுத்தார். இந்த முறை காரணம் எதையும் சேர்க்காமல் எழுதினார்: 'கேட்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.'